ப்ரௌசர்ல ஓட்டை விழுந்தா என்ன பண்ணணும்: அப்டேட் தொடங்கி எக்ஸ்டென்ஷன் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

உங்க க்ரோம்ல வலது பக்கம் மேல மூணு புள்ளி இருக்கும்ல, அங்க கொஞ்ச நாளா கலர்ல ஏதாச்சும் எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கா? பச்சைன்னா அப்டேட் வந்து 2 நாள் கூட ஆகல, ஆரஞ்சுன்னா ஒரு 4 நாள் ஆச்சு, சிவப்புன்னா வாரம் தாண்டிருச்சுன்னு அர்த்தம். அந்த சிவப்பை தினமும் பாத்துக்கிட்டே மாசக்கணக்குல வேலை பாத்த ஆளு நான். பெரிய காரணம்லாம் ஒண்ணுமில்ல, நாப்பது டேப் திறந்து வெச்சிருந்தேன், மூடினா போயிடுமோன்னு பயம். அதுல முப்பத்தஞ்சை திரும்பத் தொட்டதே இல்லங்கறது வேற கதை.

அந்த சிவப்புப் புள்ளிக்கு என்ன அர்த்தம்னா, ப்ரௌசர்ல இருந்த பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடிச்சு, அடைச்சு, அடைப்பை உங்க மெஷின்ல கொண்டு வந்து இறக்கியும் வெச்சாச்சு, நீங்க ஒரு தடவை மூடித் திறக்கறதுக்காக அது வாசல்ல நிக்குது. ப்ரௌசர் பாதுகாப்புல நம்ம கையில இருக்கிற வேலையில முக்காவாசி இந்த வாசல்லதான் இருக்கு. ஓட்டையை அடைக்கறது அவங்க வேலை, அடைப்பு வந்ததுக்கும் அது நம்மகிட்ட ஓட ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல இருக்கிற நாளைக் குறைக்கறது நம்ம வேலை.

ஓட்டைன்னா நிஜமா என்ன

ப்ரௌசரோட பெரும்பகுதி சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதினது. அந்த மொழியில மெமரியை வாங்கறதும் திருப்பிக் குடுக்கறதும் எழுதறவரோட பொறுப்பு. க்ரோமுக்கு அடியில இருக்கிற க்ரோமியத்தைச் செய்யற டீம் 2015லேர்ந்து வந்த சீரியஸான பக் 912ஐ எடுத்து அலசி 2020ல ஒரு கணக்கு சொன்னாங்க, அதுல சுமார் 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்ட தப்பு, அதுலயும் பாதி "யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ"ன்னு சொல்ற ஒரே வகை.

அது என்னன்னா, வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவர் ஒரு சாவியைத் திருப்பிக் குடுக்காம பையிலயே வெச்சிருக்காரு. வீட்டுக்காரர் அதை வேற ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டாச்சு. பழைய ஆளு பழக்க தோஷத்துல சாவியைப் போட்டு உள்ள நுழையறாரு, அங்க இருக்கிற சாமான்லாம் தன்னோடதுன்னு நினைச்சு எடுத்துப் புழங்கறாரு. புதுசா குடி வந்தது தாக்க வந்தவன்னு வெச்சுக்கோங்க, அவன் வேணும்னே அலமாரியில எதையோ வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். ப்ரௌசர் அதைத் தன்னோடதுன்னு நம்பி எடுத்து ஓட்டுது, முடிஞ்சுது. வெப்சைட்ல இருக்கிற ஜாவாஸ்க்ரிப்ட்தான் அந்தப் புதுக் குடித்தனக்காரர், எப்போ காலியாகும் எப்போ நுழையலாம்னு எல்லாத்தையும் அதுவே ஏற்பாடு பண்ணிக்கும்.

இதைத் தாண்டறதுக்கு இன்னொரு சுவரும் இருக்கு, சாண்ட்பாக்ஸ். க்ரோம் 2008ல வந்தப்பவே வெப் பக்கத்தை வரையற வேலையைத் தனி ப்ராசஸ்ல, கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஓட வெச்சாங்க, அதுக்குள்ள புகுந்தாலும் உங்க ஃபைலைத் தொட முடியாது. அதனால பெரிய தாக்குதல்னா பொதுவா ரெண்டு ஓட்டை வேணும், உள்ள நுழைய ஒண்ணு, சாண்ட்பாக்ஸை விட்டு வெளிய குதிக்க ஒண்ணு. 2025 மார்ச்ல காஸ்பர்ஸ்கிங்கற ஆண்டிவைரஸ் கம்பெனி ஆளுங்க பிடிச்சது இந்த ரெண்டாவது வகை. மெயில்ல வந்த லிங்க்கை க்ளிக் பண்ணாங்க, அவ்வளவுதான், வேற எதையும் டவுன்லோட் பண்ணல, ஓகே அமுக்கல, விண்டோஸ்ல ஓடற க்ரோமோட சாண்ட்பாக்ஸ் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடுச்சு. கூகுள் அதை 134.0.6998.177ல அடைச்சாங்க. அதைப் பாத்துட்டு ஃபயர்ஃபாக்ஸ்காரங்க தங்களோட கோடைத் தோண்டினா அங்கயும் அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ரெண்டு நாள்ல 136.0.4 வந்துச்சு.

"நான் கண்ட கண்ட சைட்டுக்குப் போறதில்லையே"ன்னு சொல்றவங்களுக்கு 2023 செப்டம்பரை ஞாபகப்படுத்தணும். வெப்பி (WebP)ங்கற வகைப் படத்தைத் திறக்கிற லிப்வெப்பிங்கற சின்ன லைப்ரரியில ஓட்டை. ஆப்பிளும் டொரண்டோ பல்கலைக்கழகத்துல இருக்கிற சிட்டிசன் லேபும் ரிப்போர்ட் பண்ணாங்க. விசேஷமா செஞ்ச ஒரு படம் ஸ்க்ரீன்ல வந்தாலே போதும். அந்த லைப்ரரி க்ரோம்ல இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ்ல இருக்கு, எலெக்ட்ரான்ல (கம்ப்யூட்டர் ஆப்பை வெப் பக்கம் மாதிரியே செய்ய விடற கருவி அது) செஞ்ச சாட் ஆப்ல எல்லாம் இருக்கு. படம் வராத நல்ல சைட்னு ஒண்ணு உண்டா?

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. க்ரோமியம் கோடு எல்லாரும் பாக்கற மாதிரி வெளிப்படையா இருக்கு. ஓட்டையை அடைச்ச அன்னிக்கே எந்த வரியை மாத்தினாங்கன்னு உலகம் பூரா தெரிஞ்சிடும், தாக்கறவனும் அதைப் படிச்சுத்தான் ஆயுதம் செய்யறான். அதாவது அடைப்பு வெளிய வந்த நாள்லேர்ந்து அப்டேட் பண்ணாதவங்களுக்கு ஆபத்து கூடுது. அதனாலதான் 2023 ஆகஸ்ட்ல 116 வந்ததுலேர்ந்து க்ரோம் வாரா வாரம் செக்யூரிட்டி அப்டேட் விடறாங்க. கோடுல அடைச்சதுக்கும் அது அப்டேட்டா வெளிய வர்றதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு காலத்துல சராசரியா 35 நாள் இருந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினப்போ 15 நாளாச்சு, வாரா வாரம் ஆனதும் இன்னும் சுருங்கிடுச்சு. அவங்க இவ்வளவு தூரம் சுருக்கிக் குடுத்ததை நாம நாப்பது டேப்புக்காக திரும்ப நீட்டிக்கிட்டு இருக்கோம்.

படி 1: வெர்ஷனைப் பாருங்க, கடைசி நம்பர் வரைக்கும்

க்ரோம்ல மூணு புள்ளி, ஹெல்ப், அபௌட் கூகுள் க்ரோம். எட்ஜ்ல மூணு புள்ளி, ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக், அபௌட். ஃபயர்ஃபாக்ஸ்ல மூணு கோடு, ஹெல்ப், அபௌட். அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அது போய் புதுசு இருக்கான்னு தேட ஆரம்பிச்சிடும், நீங்க தனியா எதையும் அமுக்க வேணாம். மேக்ல சஃபாரின்னா கதை வேற, சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஜெனரல் போய் சாஃப்ட்வேர் அப்டேட்லதான் வரும்.

இங்க ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. க்ரோம் வெர்ஷன்ல நாலு நம்பர் வரும், மேல சொன்ன 134.0.6998.177ஐயே எடுத்துக்கோங்க. 134ங்கறது பெரிய வெர்ஷன், புது வசதி வந்தா அது மாறும். வாரா வாரம் வர்ற ஓட்டை அடைப்பெல்லாம் பெரும்பாலும் கடைசி நம்பர்லதான் தெரியும். நான் ஒருத்தர்கிட்ட ஃபோன்ல கேக்கறேன், "அப்டேட் ஆயிடுச்சா?", "ஆமா ஆமா 134தான் காட்டுது"ன்னு சொல்றாரு, கடைசியில என்ன இருக்குன்னு கேட்டா 35. அந்த ஒரு கடைசி நம்பர்லதான் சாண்ட்பாக்ஸ் ஓட்டை அடைபட்டுச்சு. அதனால முழு நம்பரையும் படிங்க.

படி 2: மூடித் திறங்க, நிஜமாவே மூடுங்க

டவுன்லோட் ஆனா போதாது, பழைய கோடு மெமரியில ஓடிக்கிட்டுதான் இருக்கும். 2019 மார்ச்ல க்ரோம்ல ஒரு ஓட்டையை ஆளுங்க ஏற்கெனவே பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க, ஃபைல்ரீடர்ங்கற பகுதியில யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ, 72.0.3626.121ல அடைச்சாங்க. அப்போ க்ரோம் டீம் ஆளே ட்விட்டர்ல வந்து இப்பவே ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு கெஞ்சாத குறையா சொன்னாரு, ஏன்னா முன்னாடி ஃப்ளாஷ் மாதிரி ப்ளக்இன்ல ஓட்டைன்னா ப்ரௌசரை மூடாமலே பின்னாடி மாத்திட முடிஞ்சுது, ப்ரௌசர்லயே ஓட்டைன்னா ஆளு எழுந்து மூடித்தான் ஆகணும்.

"ஜன்னலை மூடிட்டேனே"ன்னு சொல்லுவீங்க. மேக்ல சிவப்பு வட்டத்தை அமுக்கினா ஜன்னல்தான் மூடும், ஆப் ஓடிக்கிட்டுதான் இருக்கும், கமாண்டும் க்யூவும் சேத்து அமுக்கணும். விண்டோஸ்ல க்ரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதியில மூடினதுக்கு அப்புறமும் பின்னணியில ஓட விடற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, அதை ஆஃப் பண்ணிடுங்க. லேப்டாப் மூடியை மூடறது கணக்கே கிடையாது, அது தூங்கி எழுந்தா அதே பழைய ப்ரௌசர்தான். சுலபமான வழி அபௌட் பக்கத்துல வர்ற ரீலாஞ்ச் பட்டனை அமுக்கறதுதான்.

டேப் போயிடும்னு பயமா? செட்டிங்ஸ்ல ஆன் ஸ்டார்ட்அப் போய் "விட்ட இடத்துலேர்ந்து தொடரு"ங்கற அர்த்தத்துல இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க, எல்லாம் திரும்பி வந்துடும். இன்காக்னிட்டோல இருக்கறது மட்டும் திரும்பாது, பாதி நிரப்பின ஃபார்மும் போயிடலாம், அதை மட்டும் முடிச்சுட்டு மூடுங்க. நான் இப்போ என்ன பண்றேன்னா, வாரத்துல ஒரு நாள் வேலை முடிஞ்சதும் அபௌட் பக்கத்தைத் திறந்து பாத்துட்டு ரீலாஞ்ச் குடுத்துட்டு எழுந்து போயிடறது. ஒரு நிமிஷம் கூட ஆகாது. தாக்குதல் நடந்துக்கிட்டு இருக்கிற ஓட்டைன்னு செய்தி வந்தா மட்டும் வார நாளுக்காகக் காத்திருக்கறதில்ல.

படி 3: ப்ரௌசர்னு பேர் இல்லாத ப்ரௌசர்களையும் கணக்குல எடுங்க

எட்ஜ், ப்ரேவ், ஓபரா, விவால்டி எல்லாத்துக்கும் அடியில ஓடறது அதே க்ரோமியம்தான், க்ரோம்ல ஓட்டைன்னா இதுலயும் ஓட்டை. கூகுள் விட்டதுக்கு அப்புறம் அவங்க எடுத்து சேத்து விடணும், அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதனால உங்க ப்ரௌசரோட அபௌட் பக்கத்தைத் தனியாவே பாருங்க. எப்பவோ இன்ஸ்டால் பண்ணி மறந்து போன ரெண்டாவது ப்ரௌசர் ஒண்ணு மூலையில கிடக்கும் பாருங்க, தேவையில்லன்னா அதைத் தூக்கிடுங்க.

ஆண்ட்ராய்டுல மத்த ஆப் பலதுக்குள்ள திறக்கற வெப் பக்கத்தைக் காட்டறது "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ"ன்னு ஒண்ணு, அதுவும் ப்ளே ஸ்டோர் வழியாத்தான் அப்டேட் ஆகும். க்ரோமை அப்டேட் பண்ணிட்டு இதை விட்டுட்டா ஆப்புக்குள்ளயே திறக்கற லிங்க்கை அமுக்கும்போது பழைய கோடுதான் ஓடும். ஐஃபோன்ல எந்த ப்ரௌசர் போட்டாலும் அடியில ஓடறது ஆப்பிளோட வெப்கிட்ங்கற இன்ஜின், ஐரோப்பிய யூனியன்ல 2024லேர்ந்தும் ஜப்பான்ல 2025 டிசம்பர்லேர்ந்தும் வேற இன்ஜினுக்கு அனுமதி உண்டு. அதனால ஐஃபோன்ல ப்ரௌசர் பாதுகாப்புன்னா ஐஓஎஸ் அப்டேட்தான். கம்ப்யூட்டர்ல ஓடற சாட் ஆப், எடிட்டர்னு எலெக்ட்ரான்ல செஞ்சதெல்லாம் ஒரு முழு க்ரோமியத்தை வயித்துக்குள்ள வெச்சிருக்கு, அதையும் அப்பப்போ மூடித் திறந்து புதுசாக்குங்க.

பழைய மெஷின்னா விஷயம் கஷ்டம். விண்டோஸ் 7, 8.1ல க்ரோம் 109ஓட நின்னுடுச்சு, 2023 பிப்ரவரியில வந்த 110லேர்ந்து கிடையாது, அபௌட் பக்கத்தை எத்தனை தடவை திறந்தாலும் ஒண்ணும் வராது. அந்த மெஷின்ல பேங்க் வேலையெல்லாம் வேணாம்னு நேரா சொல்லிடறேன். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்டோட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது, ப்ரௌசர் புதுசா இருந்தாலும் மைக்ரோசாஃப்டோட கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் திட்டத்துல சேரலன்னா அடியில இருக்கிற ஓஎஸ் ஓட்டை அடைபடாது. இது ஏன் முக்கியம்னா, 2024 அக்டோபர்ல ஃபயர்ஃபாக்ஸ்ல நடந்த தாக்குதல் ஃபயர்ஃபாக்ஸ் ஓட்டை ஒண்ணு, விண்டோஸ் ஓட்டை ஒண்ணுன்னு ரெண்டையும் கோத்துதான் நடந்துச்சு. மொசில்லா 25 மணி நேரத்துல தங்களோடதை அடைச்சு 131.0.2ஐ விட்டாங்க, அந்த வேகத்துக்கு ஒரு சபாஷ் போடலாம், ஆனா விண்டோஸ் பக்கத்தை அவங்களால அடைக்க முடியாதுல்ல.

அப்டேட்டே ஆகலன்னா

அபௌட் பக்கத்துல எரர் காட்டினா மொதல்ல டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருங்க, அப்புறம் மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, அதுக்கும் மசியலன்னா அந்தக் கம்பெனியோட சொந்த சைட்லேர்ந்து புது இன்ஸ்டாலரை இறக்கி மேலயே போடுங்க, புக்மார்க் எல்லாம் அப்படியே இருக்கும். அட்ரஸை நீங்களே டைப் பண்ணுங்க, தேடிட்டு மொதல்ல வர்ற விளம்பரத்தை அமுக்காதீங்க. லினக்ஸ்ல பெரும்பாலும் பேக்கேஜ் மேனேஜர்தான் பாத்துக்கும், அபௌட் பக்கம் கை கட்டிக்கிட்டு நிக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க, ப்ரௌசர் எப்பவும் ஒரு வெப் பக்கத்துக்கு உள்ள வந்து "உங்க க்ரோம் பழசு, இதை டவுன்லோட் பண்ணுங்க"ன்னு கேக்காது. நிஜ அறிவிப்பு மேல மெனு பக்கத்துலதான் வரும். பக்கத்துக்கு நடுவுல வந்தா அது அப்டேட் வேஷம் போட்ட மால்வேர், அதாவது கெடுதல் பண்ற ப்ரோக்ராம்.

படி 4: எக்ஸ்டென்ஷனை எண்ணுங்க

எக்ஸ்டென்ஷன்னா ப்ரௌசர்ல நாமளா கூடுதலா மாட்டிக்கிற குட்டி ப்ரோக்ராம், அப்டேட்டுக்கு அடுத்து பெரிய ஆபத்து இதுதான். இன்னும் சொல்லப்போனா சாதாரண ஆளுக்கு ஜீரோ டேவை (அடைப்பு வர்றதுக்கு முன்னாடியே தாக்கறவன் பயன்படுத்தற ஓட்டை) விட இதுதான் அடிக்கடி நடக்கும், ஏன்னா ஓட்டை எதுவும் தேவையே இல்ல, நாமளே "எல்லா வெப்சைட்லயும் உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும் அனுமதி"ன்னு எழுதிக் குடுத்துருக்கோம்.

எனக்கு நடந்தது ஒண்ணு. கலர் எடுக்கறதுக்காக ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன், மூணு வருஷமா இருக்கு, ஒரு தொந்தரவும் இல்ல. ஒரு நாள் எதையோ தேடறேன், ரிசல்ட்டை அமுக்கினா நடுவுல வேற ஏதோ அட்ரஸ் ஒரு கண் சிமிட்டற நேரம் வந்துட்டுப் போகுது. ரெண்டு நாள் நெட் பிரச்சினைன்னு நினைச்சு ரவுட்டரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாத்தா இந்தக் கலர் பிடிக்கிற குட்டிதான். ஸ்டோர் பக்கத்துல போய்ப் பாத்தா செஞ்சவர் பேரே மாறியிருந்துச்சு. வித்துட்டுப் போயிட்டாரு, வாங்கினவன் அப்டேட்ல சாமானை வெச்சு அனுப்பிட்டான், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

பெரிய அளவுலயும் இப்படித்தான். கிரேட் சஸ்பெண்டர்னு சும்மா கிடக்கிற டேப்பைத் தூங்க வெக்கிற எக்ஸ்டென்ஷன், இருபது லட்சம் பேருக்கு மேல வெச்சிருந்தாங்க, 2020ல கை மாறிச்சு, 2021 பிப்ரவரியில மால்வேர்னு சொல்லி கூகுள் அதைத் தூக்கினாங்க. சைபர்ஹேவன் கதை இன்னும் கலக்கம், அது செக்யூரிட்டி கம்பெனியே. 2024 கிறிஸ்துமஸ் சமயத்துல அவங்க ஊழியருக்கு "உங்க எக்ஸ்டென்ஷன் விதியை மீறுது, தூக்கப் போறோம்"னு க்ரோம் ஸ்டோர்லேர்ந்து வந்த மாதிரி ஒரு மெயில். அமுக்கினா போய் நின்னது கூகுளோட நிஜமான அனுமதிப் பக்கம், "ப்ரைவசி பாலிசி எக்ஸ்டென்ஷன்"ங்கற பேர்ல ஒரு ஆப் அனுமதி கேட்டுச்சு, குடுத்துட்டாரு. பாஸ்வேர்டு திருடல, ஓடிபி மாதிரி ரெண்டாவது சரிபார்ப்பு கேக்கவே இல்ல, அனுமதியையே வாங்கிட்டாங்க. டிசம்பர் 25 அன்னிக்கு 24.10.4ங்கற விஷ வெர்ஷன் சுமார் நாலு லட்சம் பேர் வெச்சிருந்த எக்ஸ்டென்ஷனுக்கு அப்டேட்டா வந்துச்சு. இங்க ஒரு முரண் இருக்கு பாத்தீங்களா, ப்ரௌசரைக் காப்பாத்தற ஆட்டோ அப்டேட்தான் எக்ஸ்டென்ஷன் பக்கம் விஷத்தையும் கொண்டு வருது. அதனால ப்ரௌசருக்கு வேகமா அப்டேட் பண்ணுங்க, எக்ஸ்டென்ஷனுக்கு எண்ணிக்கையைக் குறைங்க, வேற வழி கிடையாது.

இப்போ மூணு புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போங்க. ஒவ்வொண்ணையும் பாத்து "போன மாசம் இதைத் தொட்டேனா"ன்னு கேளுங்க, இல்லன்னா ரிமூவ், ஆஃப் பண்ணி வெக்காதீங்க, பிறகு எப்பவோ தெரியாம ஆன் ஆகும். மிச்சத்துல ஒவ்வொண்ணுக்கும் டீடெய்ல்ஸ் உள்ள போனா சைட் ஆக்சஸ்னு இருக்கும், அதுல "க்ளிக் பண்ணும்போது மட்டும்" இல்லன்னா "குறிப்பிட்ட சைட்ல மட்டும்"னு மாத்துங்க. விளம்பரம் தடுக்கறது, பாஸ்வேர்டு மேனேஜர் மாதிரி ரெண்டு மூணுக்குத்தான் எல்லா சைட்டும் நியாயமா தேவைப்படும். கூப்பன் தேடித் தர்றது, ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறது, பிடிஎஃப் மாத்தறதுன்னு வர்றதுக்கெல்லாம் என்னோட அபிப்ராயம், வேணவே வேணாம். ஸ்க்ரீன்ஷாட்டும் பிடிஎஃபும் ஓஎஸ்லயே இருக்கு.

விளம்பரத் தடுப்பான் வைங்கன்னே சொல்லுவேன், விளம்பரம் வழியா வர்ற போலி டவுன்லோட் பட்டனும் மால்வேரும் நிறைய குறையும். ஃபயர்ஃபாக்ஸ்ல யூப்ளாக் ஆரிஜின் முழுசா ஓடுது. க்ரோம்ல எக்ஸ்டென்ஷனுக்கான விதியைப் புதுசாக்கின மேனிஃபெஸ்ட் வி3 மாற்றத்துனால அதை நிறுத்திட்டாங்க, லைட் வெர்ஷன் இருக்கு.

படி 5: நாலு செட்டிங், இதுக்கு மேல தோண்ட வேணாம்

சேஃப் ப்ரௌசிங்கை ஆஃப்ல மட்டும் வெக்காதீங்க. என்ஹான்ஸ்டுனு வெச்சா புது ஃபிஷிங் சைட்டை இன்னும் சீக்கிரம் பிடிக்கும், பதிலுக்கு நீங்க போற சைட் பத்தின தகவல் கூகுளுக்குக் கூடுதலாப் போகும், அது உங்க முடிவு. அப்பா அம்மா மெஷின்ல நான் என்ஹான்ஸ்டுதான் வெச்சிருக்கேன், என்னோடதுல ஸ்டாண்டர்டு.

ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தான்னு சொல்ற செட்டிங் க்ரோம்லயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் இருக்கு, ஆன் பண்ணுங்க, பூட்டு இல்லாத பக்கம் வந்தா முன்னாடியே நிறுத்திக் கேக்கும். நோட்டிஃபிகேஷனுக்கு சைட் செட்டிங்ஸ்ல போய் எந்தெந்த சைட்டுக்கு அனுமதி குடுத்துருக்கீங்கன்னு பாத்து எல்லாத்தையும் தூக்குங்க. "வைரஸ் வந்துடுச்சு"ன்னு மூலையில குதிக்கிற அறிவிப்புல பெரும்பாலானது வைரஸே இல்ல, எப்பவோ அலவ் அமுக்கின சைட்டுதான் கத்துது.

நாலாவது ஜிட். ஜாவாஸ்க்ரிப்டை வேகமா ஓட்டறதுக்கு அப்பப்போ மெஷின் கோடா மாத்தற பகுதி அது, வேகமும் அங்கதான், ஓட்டையும் அங்கதான். க்ரோமோட வி8 இன்ஜின்ல 2019க்கு அப்புறம் பதிவான ஓட்டையில சுமார் 45 சதவீதம் ஜிட் சம்பந்தப்பட்டதுன்னு எட்ஜ் டீம் 2021ல சொன்னாங்க. எட்ஜ்ல என்ஹான்ஸ்டு செக்யூரிட்டியை ஆன் பண்ணா பழக்கமில்லாத சைட்ல ஜிட்டை நிறுத்திடும், ஐஃபோன்ல லாக்டவுன் மோடும் இதைப் பண்ணும். எல்லாருக்கும் தேவையில்ல, ஆனா பத்திரிகை வேலை, வழக்கு வேலைன்னு தன்னைக் குறி வெப்பாங்கன்னு தெரிஞ்சவங்க கண்டிப்பா யோசிங்க.

வேகம் கூடும்னு வீடியோல சொன்னாங்கன்னு ஃப்ளாக்ஸ்ங்கற சோதனை செட்டிங் பக்கத்துல போய் சைட் ஐசொலேஷனை ஆஃப் பண்ணியிருந்தா தயவுசெஞ்சு திரும்ப ஆன் பண்ணுங்க. 2018 ஜனவரியில ஸ்பெக்டர்னு ப்ராசசர் ஓட்டை வெளிய வந்தப்போ, ஒரு சைட் இன்னொரு சைட்டோட மெமரியைப் படிக்காம இருக்கறதுக்காகத்தான் அந்த வருஷமே க்ரோம் 67ல அதை கம்ப்யூட்டர்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆன் பண்ணாங்க. அந்தப் பக்கத்துல எதை மாத்தினோம்னே ஞாபகமில்லன்னா மேல ரீசெட் ஆல் இருக்கு.

படி 6: குக்கியைக் காப்பாத்துங்க, கையால கட்டளை ஒட்டாதீங்க

நீங்க லாகின் ஆனதுக்கு அடையாளம் குக்கி. அதைத் திருடிட்டா பாஸ்வேர்டும் வேணாம், ஓடிபியும் வேணாம், நேரா உள்ள வந்துடுவான். விண்டோஸ்ல இதைத் தடுக்கறதுக்கு க்ரோம் 127லேர்ந்து குக்கியைக் க்ரோமோடயே கட்டிப் போடற என்க்ரிப்ஷன் வந்துச்சு, திருடறவங்களும் அதைச் சுத்தி வர வழி தேடிக்கிட்டேதான் இருக்காங்க. அதனால முக்கியமான அக்கவுண்ட்டுக்குத் தனி ப்ரொஃபைல் ஒண்ணு வைங்க, அதுல எக்ஸ்டென்ஷன் பூஜ்யம், மெயிலும் பேங்கும் மட்டும். ஃபயர்ஃபாக்ஸ்ல பாஸ்வேர்டு சேமிக்கறவங்க ப்ரைமரி பாஸ்வேர்டு போட்டுக்கோங்க.

இப்போ பரவலா நடக்கிற ஏமாத்து வேலை ஒண்ணைச் சொல்லியே ஆகணும். "நான் ரோபோ இல்ல"ன்னு ஒரு பெட்டி வரும், அமுக்கினா "சரிபார்க்க விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அமுக்குங்க, அப்புறம் கண்ட்ரோலும் வியும், அப்புறம் எண்டர்"னு வரும். நீங்க பெட்டியை அமுக்கினப்பவே அது ஒரு பவர்ஷெல் கட்டளையைக் (விண்டோஸையே வேலை வாங்கற எழுத்து உத்தரவு) கிளிப்போர்டுல வெச்சிருக்கும். ரன் பெட்டி சின்னது, ஒட்டினா கட்டளையோட வால் பகுதிதான் கண்ணுக்குத் தெரியும், அந்த வால்ல "நான் ரோபோ இல்ல"ன்னு எழுதியிருப்பான், தலையில இருக்கிற விஷம் இடது பக்கம் மறைஞ்சு கிடக்கும். ப்ரௌசர்ல ஒரு ஓட்டையும் இல்ல, எல்லாம் புத்தம் புதுசா அப்டேட் ஆனது, ஆனா கையால நாமளே ஓட்டிக் குடுத்தாச்சு. ப்ரௌசருக்கு வெளிய வந்து எதையாச்சும் ஒட்டச் சொன்னா டேப்பை மூடிட்டு எழுந்துடுங்க.

படி 7: ஏற்கெனவே மாட்டிக்கிட்டோமோன்னு சந்தேகமா

இதுல வரிசை முக்கியம். மொதல்ல அந்த மெஷினை நெட்லேர்ந்து பிடுங்குங்க. அப்புறம் வேற சுத்தமான மெஷின் இல்லன்னா ஃபோன்லேர்ந்து மெயில் அக்கவுண்ட்டைத் திறந்து எல்லா இடத்துலயும் சைன் அவுட் குடுங்க, அதுக்கப்புறம் பாஸ்வேர்டை மாத்துங்க. பாதிக்கப்பட்ட மெஷின்லயே உக்காந்து மாத்தினா புது பாஸ்வேர்டையும் சேத்துத்தான் குடுக்கறீங்க. திருடின குக்கி சில சைட்ல பாஸ்வேர்டு மாத்தினாலும் உயிரோடவே இருக்கும், அதனால சைன் அவுட்டை விடாதீங்க. அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல எந்தெந்த வெளி ஆப்புக்கு அனுமதி இருக்குன்னும் பாருங்க, சைபர்ஹேவன் மாட்டினது அங்கதான்.

அப்புறம் அந்த மெஷினுக்கு வந்து ஆண்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட்டுங்க, பாஸ்வேர்டையும் குக்கியையும் திருடற இன்ஃபோஸ்டீலர் ஓடியிருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா யோசிக்காம ஓஎஸ்ஸையே புதுசாப் போடுங்க. ப்ரௌசர் மட்டும்தான் கெட்டிருக்குன்னா எக்ஸ்டென்ஷனைத் தூக்கிட்டு செட்டிங்ஸ்ல ரீசெட் குடுங்க. சொந்த மெஷின்ல மெனுவோட அடியில "உங்க நிறுவனம் நிர்வகிக்குது"ங்கற மாதிரி வரி இருந்தா கவனிங்க, சில ஆண்டிவைரஸும் இதை வரவழைக்கும், ஆனா மால்வேர் பாலிசி போட்டு எக்ஸ்டென்ஷனை அழிக்க முடியாம பூட்டி வெக்கறதும் உண்டு.

கடைசியா சிங்க், அதாவது உங்க செட்டிங், எக்ஸ்டென்ஷனையெல்லாம் கூகுள் அக்கவுண்ட் வழியா எல்லா மெஷின்லயும் ஒண்ணா வெக்கற வசதி. இதுல நானே ரெண்டு தடவை முட்டிக்கிட்டேன். அந்தக் கலர் எக்ஸ்டென்ஷனை ஆஃபீஸ் மெஷின்ல தூக்கினேன், ஓஎஸ்ஸைக் கூட புதுசாப் போட்டேன், க்ரோம்ல லாகின் ஆனேன், சமத்தா திரும்ப வந்து உக்காந்துச்சு, ஏன்னா வீட்ல பூட்டி வெச்சிருந்த பழைய லேப்டாப்ல அது இன்னும் இருந்துச்சு. அதனால எக்ஸ்டென்ஷனைத் தூக்கறதுக்கு முன்னாடி எல்லா மெஷின்லயும் சிங்க்கை நிறுத்துங்க, கூகுள் அக்கவுண்ட்ல இருக்கிற சிங்க் டேட்டாவையும் அழிங்க, ஒவ்வொண்ணுலயும் போய் தனித்தனியா தூக்குங்க, எல்லாத்துலயும் வெர்ஷன் நம்பரை கடைசி எண் வரைக்கும் பாத்துட்டு அதுக்கப்புறம் சிங்க்கை ஆன் பண்ணுங்க. அலமாரியில தூங்கற லேப்டாப்பையும் சேத்துத்தான் சொல்றேன்.